யானைக்கால் மாத்திரை: கொடுத்தது எத்தனை, விழுங்கியது எத்தனை?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், கடலூர் மாவட்டம்

வீடு வீடாக யானைக்கால் மாத்திரை கொடுத்த காலத்தில் நான் அதிகம் கேட்டது, "எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, எதற்கு சார் மாத்திரை?" என்பதுதான். வீக்கமே இல்லாதவர் ரத்தத்திலும் யானைக்கால் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். அவரைக் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் வாசலில் நின்று இதை விளக்கிப் பாருங்கள், தெரியும்.

புழுவுக்கு எதிரான இரண்டு வகை மாத்திரைகள்: பெரியவர்களுக்கு டி.இ.சி. 3, ஆல்பெண்டசோல் 1. வெறும் வயிற்றில் கூடாது. "வைத்துவிட்டுப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறோம்" என்பார்கள். பதிவேட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு நகர்வோம். மறுவாரம் போனால், மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நான்கும் அப்படியே இருக்கும்.

கிராம சுகாதார செவிலியர், தஞ்சைப் பக்கம்

எங்களுக்கு வினையே காய்ச்சல்தான். ஒரு கொத்தனார் நம்பி விழுங்கினார். மறுநாள் காய்ச்சல், தலைச்சுற்றல். ஒரு நாள் கூலி போயிற்று. அவர் மனைவி தெருமுனையில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்: "கூலியை நீ கொடுப்பாயா?" அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவர்கூட மாத்திரை வாங்கவில்லை.

நுண்புழுக்கள் மடிவதால் வரும் காய்ச்சல் அது. புழு உள்ளவருக்குத்தான் பெரும்பாலும் வரும். ஆக, மாத்திரை யாருக்கு மிகவும் தேவையோ அவர்தான் அடுத்த ஆண்டு முதலில் கதவைச் சாத்துகிறார். காய்ச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். நான் சொல்லிவிடுவேன். பாராசிட்டமாலும் கையில் வைத்திருப்பேன்.

இரவு ரத்தப் பரிசோதனைக் குழுவில் இருந்தவர்

எங்கள் பாடு வேறு. இந்த நுண்புழு இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால், ஊர் படுக்கப்போகும் நேரத்தில் கதவைத் தட்டி விரல் நுனியில் குத்த வேண்டும். நாய்களைப் பற்றித் தனியாக எழுதலாம்.

மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது விழுங்க வேண்டும், குறைந்தது 5 ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுண்புழுக்களை ஈனும் தாய்ப்புழு உடலுக்குள் 6 முதல் 8 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு வேளை மருந்தில் அது ஒழியாது. பதிவேட்டில் 90 சதவீதம் இருந்து, ரத்தத்தில் புழுவும் இருந்தால் அந்தப் பதிவேட்டை எப்படி நம்புவது?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

நம்பக் கூடாது என்பதுதான் என் கட்சி. காலை 9 மணிக்குப் போனால் வீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் போன தெருக்களில் கண்ணெதிரே விழுங்கவைக்க முடிந்தது. அந்த நேரத்துக்குப் படி கேட்டால்தான் மேலே யாருக்கும் காது கேட்பதில்லை.