ஸ்கூபா டைவிங்கில் மேலே ஏறும்போது வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பம் நிற்பதில்லை. வேறு யாருக்காவது இப்படி?

வேளச்சேரி மீன்:
போன மாதம் அந்தமான் ஹேவ்லாக்கில் 'ஓபன் வாட்டர்' என்கிற முதல்நிலை டைவிங் கோர்ஸ் முடித்தேன். மொத்தம் நாலு டைவ். முதல் இரண்டும் ஆழம் குறைவு, ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது 14 மீட்டர், நாலாவது 18. இரண்டிலுமே கீழே இருக்கும்வரை சுகம். மேலே ஏறும்போதுதான் வினை. ஏழெட்டு மீட்டர் வந்ததும் தொப்புளுக்கு மேலே இறுக ஆரம்பித்தது. மேலே வருவதற்கு முன்னால் 5 மீட்டரில் 3 நிமிடம் சேஃப்டி ஸ்டாப் என்று நிற்கிறோமே, அதற்குள் வெட்சூட்டைப் பிளந்துகொண்டு வயிறு வெளியே வந்துவிடும் போல இருந்தது.

படகில் ஏறியதும் ஏப்பம். சின்ன ஏப்பம் இல்லை, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த பெரியப்பா விடுவாரே, அந்த ரகம். மதியச் சாப்பாடு வரை நிற்கவில்லை. படகில் இருந்த பையன் "அக்கா, காலையிலேயே பிரியாணியா?" என்று கேட்டான். நான் சாப்பிட்டது இரண்டு இட்லி, அதுவும் ஏழு மணிக்கு. நாலாவது டைவுக்கு முன்னால் அசிடிட்டி மாத்திரை போட்டும் பார்த்தேன், மாற்றம் இல்லை. அடுத்த மாதம் புதுச்சேரியில் டைவ் போகலாம் என்று இருக்கிறேன். எதனால் இப்படி ஆகிறது?

சுந்தர்_குரோம்பேட்டை:
வாயுதான். முதல் நாள் ராத்திரி கிழங்கு, மொச்சை, சோடா எல்லாம் கட். காலையில் ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர். என் மச்சானுக்கு இதுதான் கேட்டது.

பாம்பன்காரன்:
ஓமத்தண்ணீர் அப்புறம் குடிக்கலாம். ஒரே ஒரு கேள்வி சகோதரி: இறங்கும்போது காது அடைப்பை எப்படி எடுக்கிறீர்கள்?

வேளச்சேரி மீன்:
மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவேன். இன்ஸ்ட்ரக்டர் மூக்கைப் பிடித்து ஊதத்தான் சொன்னார். சின்ன வயதில் எனக்குக் காதில் சீழ் வரும். "மூக்கை பலமாகச் சிந்தாதே, காது போய்விடும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள், அந்தப் பயம். விழுங்கினாலே காது திறந்துவிடுகிறதே என்று விட்டுவிட்டேன். இதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

பாம்பன்காரன்:
அதுதான் சம்பந்தமே. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் எச்சிலோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகிறது. தரையில் அதனால் தொல்லை இல்லை. ஆனால் 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, 18 மீட்டரில் 2.8 மடங்கு. வாயில் கடித்து மூச்சு விடுகிறோமே, அந்த ரெகுலேட்டர் அதே அழுத்தத்தில்தான் காற்று கொடுக்கும். 18 மீட்டரில் நீங்கள் விழுங்கிய 10 மில்லி, மேலே வரும்போது 28 மில்லி. நுரையீரலுக்குள் விரியும் காற்று மூச்சோடு வெளியே போய்விடும். வயிற்றுக்குள் மாட்டியது எங்கே போகும்? இறங்குகிற வழியில் ஒரு 25 தடவை விழுங்கினீர்கள், ஒவ்வொன்றும் 10 மில்லி என்று சும்மா கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரும்போது கிட்டத்தட்ட அரை லிட்டர் பாட்டில் ஒன்று வயிற்றில் இருக்கும். முதல் இரண்டு டைவில் தெரியாததற்கும் இதுதான் காரணம்.

எங்கள் பக்கம் சங்கு குளித்தவர்களுக்கு இந்தத் தொல்லை வர வழியில்லை. அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு போனவர்கள். அதில் விழுங்கினாலும் மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். நாம் அடியில் நின்றுகொண்டு அழுத்திய காற்றை அல்லவா விழுங்குகிறோம்!

அம்மா சொன்னது பலமாகச் சிந்துவதைப் பற்றி. மெதுவாக ஊதுவது வேறு. தண்ணீர் மட்டத்திலேயே ஆரம்பித்து, அரை மீட்டருக்கு ஒரு தடவை, வலி வருவதற்கு முன்னால் ஊத வேண்டும். அதுவும் பயமாக இருந்தால் இன்னொரு வழி: மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பக்கம்' என்று சொல்லப் போய் 'பக்' என்பதிலேயே நிறுத்துங்கள். நாக்கின் அடி எழும்பிக் காற்றைக் காதுப்பக்கம் தள்ளும். கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். ஆனால் சின்ன வயதில் காதில் சீழ் வந்தது என்கிறீர்கள், செவிப்பறை எப்படி இருக்கிறது என்று காது டாக்டரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

ஏறும்போது இறுகினால் நின்றுவிடுங்கள். ஒன்றிரண்டு மீட்டர் திரும்ப இறங்கி, தலையை நிமிர்த்தி நேராக நின்று ஏப்பம் விட்டுவிட்டு மெதுவாக ஏறுங்கள். ரெகுலேட்டர் வாயில் இருக்கும்போதே தாராளமாக விடலாம். வாந்தியே வந்தாலும் அதைக் கழற்றக் கூடாது. கையால் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுத்துவிட்டு, காற்றைப் பாய்ச்சி அதைச் சுத்தம் செய்யும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள். மீன்கள் சுத்தம் செய்துவிடும்.

நிலாவெளி:
பாம்பன் அண்ணா சொன்னதுடன் ஒன்று. டேங்க் காற்று நல்லாய் உலர்ந்தது, தொண்டை வறண்டு சும்மாவே விழுங்கத் தோன்றும். எனக்குப் பாசிக்குடாவில் 24 மீற்றரில் கிடக்கிற 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' கப்பலைப் பார்க்கப் போனபோது இதுதான் நடந்தது. பயத்தில் மவுத்பீசை இறுக்கிக் கடித்து, ஊறின எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். இறங்க முதல் தண்ணீர் குடியுங்கோ, மவுத்பீசை உதட்டால் மட்டும் பிடியுங்கோ. தலைகீழாய் இறங்க வேண்டாம், கால் கீழே வரட்டும்.

டியூட்டி டாக்டர்:
படித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்றுதான் வந்தேன். டைவுக்குச் சற்று முன்னால் ஈனோ மாதிரி நுரைக்கும் பொடி எதுவும் குடிக்காதீர்கள். அடியில் இருக்கும்போது வயிற்றில் உண்டாகும் வாயுவும் ஏறும்போது விரியும்.

ஏப்பம் விட்டால் அடங்குகிறது என்றால் பயமில்லை. அடங்காத கடும் வலி, வயிறு பலகை போல விறைப்பது, தோள்பட்டை வலி, ரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனை. வேகமாக மேலே வந்தவர்களுக்கு இரைப்பையே கிழிந்தது உண்டு, மிக அரிது. இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டினாற்போல் வலித்துக் கால் மரத்தால் அது வாயு இல்லை, உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழாவதால் வரும் டிகம்ப்ரஷன் நோயாக இருக்கலாம். அதற்கு ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

வேளச்சேரி மீன் (ஐந்து வாரம் கழித்து):
காது டாக்டர் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். 'பக்', 'பக்' என்று பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்றேன், வீட்டுக்காரர் கோழி வளர்க்கப் போகிறாயா என்றார். நேற்று புதுச்சேரியில் 16 மீட்டர். தண்ணீர் கலங்கல், ஹேவ்லாக் மாதிரி எதிர்பார்க்க முடியாது. பயத்தில் மூன்று தடவை பழைய மாதிரி விழுங்கிவிட்டேன், மற்றதெல்லாம் 'பக்'தான். 5 மீட்டரில் ஒரே ஒரு ஏப்பம். படகில் ஏறி இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.