பொருள்: ‘திரெனடி’க்கு ‘விளரி’ பொருந்துமா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் மேலையிசைச் சொற்பட்டியலில், மாண்டவர்களுக்கு இரங்கும் இசையைக் குறிக்கும் ‘திரெனடி’ இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: இரங்கற்பா, கையறுநிலை, ஒப்பாரி. எனக்கு எதிலும் மனம் ஒப்பவில்லை.

முதல் இரண்டும் செய்யுளுக்கு உரியவை. போலந்துக்காரரான பெண்டெரெட்ஸ்கி ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்குப் படைத்த திரெனடியில் ஒரு சொல்கூட இல்லை. 52 நரம்பிசைக் கருவிகள் மட்டுமே. தந்திகளைத் தாங்கும் கட்டையான ‘குதிரை’க்கு அப்பால் வில்லை இழுக்கிறார்கள். கருவியின் உடலைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் கருவி எட்டக்கூடிய உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறார்கள். இதைப் ‘பா’ என்று எப்படி எழுதுவது?

ஒப்பாரி வேறு விதம். 1983க்குப் பிறகு அக்கரையான இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கினார்கள். அங்கிருந்த பெண்கள் தங்கள் இழப்பைப் பாடி அழுததை இந்த ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை நான் எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் ஒப்பாரி உறவின் பாட்டு. மகள் தாயை அழைக்கிறாள், மனைவி கணவனை அழைக்கிறாள். முறை சொல்லாமல் ஒப்பாரி இல்லை. போலந்தில் இருக்கும் ஒருவர், ஜப்பானில் எரிந்துபோனவர்களை என்ன முறை சொல்லி அழைப்பார்?

ஆகவே என் பரிந்துரை ‘விளரி’. அது நெய்தல் நிலத்தின் இரங்கற்பண். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் ‘நுளையர் விளரி’ என்று வருகிறது. கடற்கரை மக்களின் சொல். இருந்தாலும் என்னைப் பிடித்து நிறுத்தியது புறநானூற்றின் 291ஆம் பாடல். களத்தில் வீழ்ந்த வீரனின் மனைவி, துடி கொட்டுபவர்களையும் பாடுபவர்களையும் அழைத்துப் பறவைக் கூட்டத்தை ஓட்டச் சொல்கிறாள். பிறகு ‘யானும் விளரிக் கொட்பின் வெண்ணரி கடிகுவென்’, அதாவது நானும் விளரி பாடிச் சுழன்று நரிகளை விரட்டுவேன் என்கிறாள். அவள் அழுவதோடு நிற்கவில்லை. பாட்டால் உடலுக்குக் காவல் இருக்கிறாள்.

போரும் அடக்குமுறையும் பிறப்பித்த இசையில் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் காவலைத்தான் செய்கின்றன. போலந்தின் சகோபானே நகரில், நாஜிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, ‘அம்மா, அழாதே’ என்று எழுதி வைத்திருந்தாள். போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கி 1976இல் தம் மூன்றாம் சிம்பொனியில் அந்த வரிகளைச் சோப்ரானோ என்னும் பெண்ணின் உச்சக் குரலுக்குக் கொடுத்தார். ஒருமுறை வெள்ளையடித்தால் அழிந்துபோகக்கூடிய எழுத்து அது! இத்தாலிய இசையமைப்பாளர் நோனோவும் 1956இல், மரண தண்டனை பெற்ற நாஜி எதிர்ப்பியக்கத்தினரின் கடைசிக் கடிதங்களை இசைக்குள் வைத்துக் காத்தார்.

போர்க்கால இசை எல்லாமே விளரி ஆகிவிடாது. 1942 ஆகஸ்ட் 9 அன்று, முற்றுகைக்குள் பட்டினி கிடந்த லெனின்கிராடில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை வாசித்து, ஒலிபெருக்கி வழியாக ஜெர்மானியப் படைகளின் காதிலும் விழச் செய்தார்கள். அது அறைகூவல். அதற்கு வேறு சொல் தேட வேண்டும்.

– மண்டபத்திலிருந்து

*

தம்பிக்கு,

291ஐ எடுத்தது நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் இரண்டு தடைகள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையில் விளரி ஆறாவது. இதே பட்டியலில் ‘த’ என்னும் சுரமான தைவதத்துக்கு நேரே அதை ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். பயிலும் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

மற்றொன்று இதைவிடப் பெரிது. அந்தப் படைப்புக்குப் பெண்டெரெட்ஸ்கி முதலில் இட்ட பெயர் வெறும் கால அளவு: 8 நிமிடம் 37 விநாடி. ஹிரோஷிமா பிறகு வந்தது. படைத்தவரே இரங்கலாக எண்ணித் தொடங்காததை நாம் இரங்கற்பண் என்று அழைக்கலாமா? புறம் 281இல் ‘காஞ்சி பாடி’ என்று வருகிறது. அதையும் எண்ணிப் பாருங்கள்.

– கீழக்கரையிலிருந்து

*

ஐயா,

முதல் தடைக்கு வழி இருக்கிறது. விளரி சுரத்துக்கே இருக்கட்டும். படைப்பு வகையை ‘விளரியிசை’ என்போம்.

இரண்டாவதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. தாம் எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகுதான் அதிலிருந்த துயரத்தின் கனம் பெண்டெரெட்ஸ்கியையே தாக்கியது. இது யாருக்கு உரியது என்று அதன் பின்னரே தேடினார், ஹிரோஷிமாவின் மக்களுக்கு உரித்தாக்கினார். கேட்பவரிடம் தொடங்கும் இரங்கலும் இரங்கல்தானே? அந்த இசையைக் கால அளவால் மட்டும் அழைக்க அவருக்கே மனம் வரவில்லை.

காஞ்சியைப் பாடுவது புண்பட்டவனைக் காப்பாற்ற. அவன் பிழைக்கக்கூடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஹிரோஷிமாவுக்கு அது பொருந்தாது. ஊர்ப்பெயரும் குறுக்கே வரும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சொற்பட்டியல் மட்டுமல்ல. 2009இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு நம்மவர் ஒருவர் நாளை நாகசுரத்திலோ வயலினிலோ பெரும்படைப்பு ஒன்றை அமைக்கலாம். அதன் வகையைச் சொல்ல அவர் கிரேக்கச் சொல்லைக் கடன் வாங்கும் நிலை வரக்கூடாது.

பதிவு இப்படி இருக்கலாம்: ‘விளரியிசை – மாண்டவர்களுக்காக, குறிப்பாகப் போரிலும் அடக்குமுறையிலும் உயிரிழந்தவர்களுக்காக, சொல்லோடோ சொல்லின்றியோ அமைக்கப்படும் இரங்கல் இசைப் படைப்பு.’ பெண்டெரெட்ஸ்கியின் தலைப்பை ‘ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கு விளரியிசை’ என்று எழுதலாம். மறுப்பு உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

– மண்டபத்திலிருந்து