தாழ்த்திய காருக்குக் காற்றா, காயில்ஓவரா: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கோயம்புத்தூர், போலோ, காயில்ஓவர்

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த இரவில் நடந்ததை எழுதுகிறேன். என் போலோ காரில் இரண்டு ஆண்டுகளாகக் காயில்ஓவர், அதாவது வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி, இருக்கிறது. முன்பக்கம் 45 மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறேன். ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ எடை வேண்டும், அவ்வளவு விறைப்பு. வளைவுகளில் வண்டி சாலையைப் பற்றிக்கொண்டு திரும்புவதற்காகவே அந்தச் செலவைச் செய்தேன், அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெரு முனையில் நான்கு நாட்களுக்கு முன் யாரோ புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை, விளக்கும் இல்லை, குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டதுபோல் குறுகலாகவும் உயரமாகவும் இருந்தது. முன் சக்கரங்கள் ஏறி இறங்கியதும் வண்டியின் வயிறு அதன்மேல் உட்கார்ந்தது. இரும்புப் பெட்டியைச் சிமென்ட் தரையில் இழுப்பது போன்ற ஓசை காலடியிலிருந்து எழுந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வலக்கண் கட்டின்மேல் இரண்டு கைகளையும் குவித்து, அடுத்த அதிர்ச்சியை எதிர்பார்ப்பவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குவிந்த கைகள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன.

ஆயில் சேம்பரில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது; வாசல் வரை எண்ணெய்க் கோடு. மறுநாள் பரிசோதனையில் அம்மாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சேம்பரை மாற்றிவிட்டேன். காற்றுக்கு, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்புக்கு மாறிவிடு, பொத்தானை அழுத்தினால் வண்டி உயர்ந்து தடையைத் தாண்டிவிடும் என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். நான் காயில்ஓவருக்குக் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதை அல்ல, உங்கள் வண்டியில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ (கனடா), அக்கோர்ட், காற்று

தம்பி, அம்மாவின் கண் நலமாக இருப்பது நிம்மதி. என் கதை குளிர்காலக் கதை.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குப் பணி தொடங்கும். இரவில் காற்றை முழுவதும் இறக்கிவிட்டுக் காரைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்துவது அப்போதைய என் வழக்கம். சனவரியில் ஒரு விடியற்காலை, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 22 பாகைக் குளிர். காற்று டேங்கில் 150 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டியது, மூன்று மூலைகள் எழுந்தன, முன் இடது மூலை மட்டும் எழவில்லை. சக்கரத்தின்மேல் தகடு அழுந்திக் கிடந்ததால் ஸ்டியரிங்கைத் திருப்பக்கூட முடியவில்லை. வீட்டிலிருந்து நீட்டு வயர் இழுத்து, பின்பெட்டிக்குள் தலையை விட்டு, முடி உலர்த்தும் கருவியால், ஒவ்வொரு மூலைக்கும் காற்றை அனுப்பும் வால்வுக் கட்டையை நாற்பது நிமிடம் சூடாக்கினேன். நான் கவனிக்கும் மூதாட்டி ஒருவர் வேறு யார் கையாலும் காலை மருந்தை வாங்கமாட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு கதவையே பார்த்திருந்தார்.

மாலையில் அத்தான் வந்தார். அவர் 401 நெடுஞ்சாலையில் ட்ரக் ஓட்டுபவர். பின்பெட்டியில் டேங்கின் அடியில் இருந்த வடிகுழாயைத் திறந்ததும், பால் தேநீர் நிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து பனியின்மேல் சீறிக் கொட்டியது. கோடையின் ஈரக் காற்றை அழுத்தி அடைக்கும்போது அதிலுள்ள ஈரம் டேங்கில் தண்ணீராகத் தங்குகிறது. அதுவே வால்வுக்குள் போய் உறைந்திருக்கிறது. ட்ரக்கின் காற்று பிரேக் டேங்குகளைத் தாம் நாள்தோறும் வடிப்பதாகவும், நான் செப்டம்பரிலிருந்து ஒருமுறைகூட வடிக்காதது பெரிய தவறு என்றும் அத்தான் சொன்னார்.

இப்போது ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட டிரையர் வைத்திருக்கிறேன், ஞாயிறுதோறும் வடிக்கிறேன், குளிர்காலத்தில் காரைப் படுக்கவைப்பதே இல்லை. ஆனாலும் காற்றை விடமாட்டேன். பனி அள்ளும் வண்டி எங்கள் வாசலில் விட்டுப்போகும் மேட்டை எட்டு சென்டிமீட்டர் உயர்த்திக்கொண்டு தாண்டிவிடுகிறேன். காயில்ஓவர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி அதே நேரத்தில் மண்வெட்டியோடு நிற்கிறார்.

கிள்ளான், மைவி, காற்று

அக்கா குளிரைக் குற்றம் சொல்வதுபோல் தொடங்கி, கடைசியில் வடிக்காததுதான் காரணம் என்று ஒத்துக்கொண்டார். இங்கே மலேசியாவில் எங்கள் ஊரில் எதுவும் உறைவதில்லை, ஆனால் புழுக்கம் மிகுதி. ஒரே வாரத்தில் அரைக் குவளைத் தண்ணீர் வடிகிறது. எனவே இதைக் குளிர்நாட்டுச் சிக்கல் என்று கோயம்புத்தூர்த் தம்பி ஒதுக்கிவிடக் கூடாது.

எனக்கு நேர்ந்தது வேறு. ஈப்போவில் ஒரு திருமணத்துக்கு நான்கு பேராக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். தாப்பாவைத் தாண்டியதும் வெடிச்சத்தம் கேட்டது. முன் வலது மூலை சட்டென்று கீழே போனது. டயர் உள்தகட்டில் உரசிய புகை ஏசி வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த மணமகனின் தம்பி பட்டு வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிரேக்கை அழுத்தாமல் வேகம் தானாகக் குறையும் வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தேன்.

கழற்றிப் பார்த்தபோது காற்றுப்பையின் ஓரத்தில் கண்ணாடிபோல் பளபளவென்று தேய்ந்த ஒரு கோடு இருந்தது. என்னுடையது அழுத்தத்தை மட்டும் அளந்து நிறுத்தும் அமைப்பு. நான் ஒருவனாகப் போகும்போது சரியாக இருந்த அதே அழுத்தத்தில் நான்கு பேர் உட்கார்ந்ததும் வண்டி இறங்கியிருக்கிறது. இறங்க இறங்கக் காற்றுப்பை பக்கவாட்டில் புடைக்கும். புடைத்த பை அருகிலிருந்த பிராக்கெட்டின் விளிம்பில் உரசியே அறுந்திருக்கிறது. பொருத்திக் கொடுத்தவர் வண்டியை உயர்த்திய நிலையில் மட்டுமே இடைவெளியைப் பார்த்தார். நானும் கேட்கவில்லை.

ஆகவே தம்பி, காற்றுக்குப் போனால் உயரத்தையே அளக்கும் சென்சார் உள்ள அமைப்பை வாங்குங்கள். அம்மா, அப்பா, மூட்டை என்று எடை எவ்வளவு மாறினாலும் அது குறித்த உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிடும். சக்கரத்தை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, முழுத் தாழ்விலும் முழு உயர்விலும், பையைச் சுற்றி விரல் நுழைகிறதா என்று உங்கள் கையாலேயே பாருங்கள். காற்றுக்குழாயைக் கத்தரியால் வெட்டவிடாதீர்கள்; அதற்குரிய வெட்டியால் நேராக வெட்டினால்தான் இணைப்பில் கசியாது. இரவில் ஒவ்வொரு மூலையின் அழுத்தத்தையும் குறித்துவைத்துக் காலையில் ஒப்பிடுங்கள், குறைந்த மூலையில் சோப்பு நீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். டேங்கில் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் ஒன்றே ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும் என்பதால் தடித்த வயரும் பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸும் ரிலேயும் கட்டாயம். டேங்கில் டயருக்குக் காற்றடிக்கும் வகை வால்வு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் நின்றுபோனாலும் டயர் கடையில் காற்றடித்து வீடு வந்துவிடலாம்.

சென்னை, வீல் அலைன்மென்ட் தொழில்

நான் இதில் எந்தப் பக்கமும் இல்லை. பதினான்கு ஆண்டுகளாக இவ்வகை வண்டிகளின் அடியில் நிற்கிறேன். சென்ற ஆண்டு ஒருவர், வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று வந்தார். வெளியிலிருந்து பார்த்தால் முன் டயர்கள் புதியவைபோல் இருந்தன. லிஃப்ட்டில் ஏற்றி உட்பக்கம் கையை வைத்தபோது ரப்பர் இல்லை, கம்பி விரலைக் கீறியது. 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அந்த வண்டியில்தான் குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்துத் திருச்சிக்குப் போய் வந்திருக்கிறார். அவரை அழைத்து டயரைக் காட்டியபோது அவர் கம்பியைத் தொடாமல் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

கிள்ளான் நண்பர் இத்தனை சொல்லியும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறது, டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறுகிறது. டயரைத் தின்பது பெரும்பாலும் அந்த டோதான். காயில்ஓவரில் உயரம் ஒன்றே என்பதால் ஒருமுறை சரியாகப் பிடித்தால் நிற்கும். காற்றில் எந்த உயரத்தில் அலைன்மென்ட் பிடித்தோமோ அந்த உயரத்துக்கு மட்டுமே அது செல்லுபடியாகும். அழகுக்காக இன்னும் இரண்டு விரல் தாழ்த்தி ஓட்டுபவர்களே என்னிடம் அடிக்கடி டயர் மாற்ற வருகிறார்கள். ஓட்டும் உயரம் என்று ஒன்றை முடிவு செய்து, அதை நினைவகத்தில் பதித்து, அதிலேயே அலைன்மென்ட் பிடித்து, அதிலேயே ஓட்ட வேண்டும்.

கோயம்புத்தூர்த் தம்பிக்கு இன்னொன்று. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். போலோவின் தரை இடைவெளி ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். 45 போக 120. முறையான வேகத்தடையை மெதுவாக ஏறினால் உங்கள் வண்டி தட்டாமல் தாண்டியிருக்கும். தெருவில் இருப்பது வேகத்தடையே அல்ல. மாநகராட்சிக்குப் படத்தோடு எழுதுங்கள், இருசக்கர வண்டியில் வருபவர்களும் இரவில் அதில் விழக்கூடும். கூடவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் பொருள். 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காற்றோ காயில்ஓவரோ, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். காற்று வெறும் அழகுக்கானது என்பதே என் முடிவு.

கிள்ளான், மைவி, காற்று

அலைன்மென்ட் பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். அதை நான் விட்டது தவறுதான். கடைசி வரியை மட்டும் ஏற்கமாட்டேன். தாழ்த்திய கார்களில் உயரத்தை வேண்டும்போது மாற்றும் ஏற்பாடு வந்ததே சட்டத்தின் நெருக்கடியில்தான். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1958-இல் விதி வந்தது; 1959-இல் ரான் அகிரே என்பவர் தம் கார்வெட் காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தி, வேண்டும்போது உயர்த்தி, வேண்டும்போது தாழ்த்தினார். அந்த விதி நீங்கியது 2024-இல்தான். பல பேருந்துகள் காற்றில் ஓடுவதும் அழகுக்காக அல்ல, ஆள் ஏறினாலும் இறங்கினாலும் உயரம் மாறாமல் இருப்பதற்காகவே.

லண்டன், கோல்ஃப், காயில்ஓவர்

இங்கே சாலை மேடுகள் 100 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. அதைக் கணக்கிட்டே என் உயரத்தை வைத்திருந்தேன். குழந்தை பிறந்ததும் சற்று உயர்த்த நினைத்து வளையத்தில் ஸ்பேனரை மாட்டினேன். நான்கு குளிர்காலத்து உப்பு மரைகளைத் தின்றிருந்தது. வளையம் அசையவில்லை, ஸ்பேனர் வழுக்கி நடுவிரல் முட்டி பிளந்தது. உயரத்தை மாற்றலாம் என்று பணம் கொடுத்து வாங்கிய பொருள் மாற்ற முடியாத பொருளாகிவிட்டிருந்தது. தம்பி, உங்களுடையது இன்னும் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, கம்பித் தூரிகையால் மரைகளைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள்.

கோயம்புத்தூர், போலோ, காயில்ஓவர்

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை லண்டன் அண்ணன் சொன்னபடியே செய்தேன். முன் வலப்பக்கம் முதல் இழுப்பிலேயே திரும்பியது, இடப்பக்கத்துக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. போலோவில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் அங்கே ஸ்பிரிங்கின் இருக்கையை மட்டும் உயர்த்தினேன். சக்கர நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை முன்னால் 335 மில்லிமீட்டராக இருந்தது, இப்போது 360. செவ்வாய்க்கிழமை அலைன்மென்ட்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், மாநகராட்சிக்கும் எழுதிவிட்டேன்.

நேற்று மாலை அம்மாவை முன் இருக்கையில் அழைத்துக்கொண்டு அதே தடையைக் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். தட்டவில்லை. ஆனால் தடை தெரிந்ததுமே அம்மாவின் கை கண்ணருகே போனது. நான்கு சக்கரமும் இறங்கிய பிறகே மடிக்குத் திரும்பியது. ஆகையால் காற்றைப் பற்றிய கேள்வியை இன்னும் மூடவில்லை. கிள்ளான் அண்ணா, உயர சென்சாரைப் பின் அச்சில் எங்கே பொருத்தினால் சேறு படாமல் இருக்கும்? அக்கா, டிரையரின் மணிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?