பெங்களூருக்கு வந்துவிட்டேன், லைசென்ஸ் இன்னும் மதுரையில்தான் இருக்கிறது

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களே, வணக்கம். என் அழைப்புக் குறி வியூ3 (VU3) என்று தொடங்கும், அதாவது ரெஸ்டிரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலை லைசென்ஸ். லைசென்ஸ் வந்த மூன்றாம் மாதமே வேலை மாறி, ஜூனில் இங்கே ராமமூர்த்தி நகருக்கு வந்துவிட்டேன். லைசென்ஸில் நிலைய முகவரி மதுரை வீடுதான். நிரந்தரமாக இடம் மாறினால் அதையும் மாற்ற வேண்டும் என்று தேர்வுக்குப் படித்தது நன்றாகவே நினைவிருக்கிறது.

இணையத்தில் விண்ணப்பித்தேன், பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தை இணைத்து. முகவரிச் சான்று போதாது என்று திரும்பி வந்தது. கேஸ் பில்லோடு மறுபடி அனுப்பினேன். அதற்கும் அதே பதில். ஆதாரில் இன்னும் மதுரை முகவரி. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். ஒரு கடிதம் கொடுங்கள் சார் என்று கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே என் மேல் சந்தேகம்: பால்கனியில் ஆன்டெனாவாக நான் கட்டிய அரை மீட்டர் செம்புக் கம்பியைப் பார்த்து, “இதனால் எங்கள் டிவி கெட்டுப்போகாதா?” என்றவர். 144–146 மெகாஹெர்ட்ஸ், 5 வாட்தான் என்று விளக்கினேன். தலையாட்டினார், கடிதம் மட்டும் வரவில்லை.

என் செட் யேசு எஃப்டி-65ஆர் என்ற கைச் செட். இப்போதைக்குக் கேட்பதோடு சரி, பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டனைத் தொடுவதில்லை. மாலையில் ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுஒலிபரப்பும் நிலையம்) எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பது லேசான காரியம் இல்லை!

வாடகை வீட்டில் இருந்துகொண்டு நிலைய முகவரியை மாற்றியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: உங்களுக்கு எந்த ஆவணம் ஏற்கப்பட்டது?