புதுப்பிப்பு: நான்கு புள்ளிகளின் நிலைத்தன்மைக் கணக்கில் பிழை கிடைத்துவிட்டது

போன வாரம் இந்த இழையில் கேட்டிருந்தேன்: வீழ்ப்புக் கோட்டின் (முடிவிலிப் புள்ளியும் சேர்ந்த கோடு) நான்கு புள்ளிகளை ப, ம என்ற மாறிகளில் நான்காம் படிக் கோவையாக எழுதி, அணிக்கோவை 1 கொண்ட 2×2 அணிகளின் குலத்தைச் செயல்பட விட்டால், மூன்று புள்ளிகள் ஒன்றிய கோவை என் கணக்கில் ஏன் நிலையானதாக வருகிறது? (குலத்தின் செயலால் பூச்சியத்தை நோக்கிச் சுருக்க முடிந்தால் கோவை நிலையற்றது.)

பிழை என்னுடையதே. நான் சோதித்தது (ப+ம)³(ப−ம). விரித்தால் ப⁴ + 2ப³ம − 2பம³ − ம⁴. மூலைவிட்ட அணி ப-ஐ ஓர் அளவுருவால் பெருக்கி, ம-ஐ அதனால் வகுக்கிறது; ஒவ்வோர் உறுப்பிலும் வரும் அந்த அளவுருவின் அடுக்கே எடை. இங்கே எடைகள் 4, 2, −2, −4. இரு குறிகளும் வருவதால் "நிலையானது" என்று முடித்துவிட்டேன். ஆனால் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் ஹில்பர்ட்–மம்ஃபோர்டு அளவுகோல், இப்படி ஒரே அளவுருவால் இயங்கும் *எல்லா* ஒற்றை அளவுருத் துணைக்குலங்களையும் சோதிக்கச் சொல்கிறது. அதாவது ஆயங்களையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ப+ம, ப−ம இரண்டையும் புதிய ஆயங்களாக எடுத்தால் ஒரே உறுப்பு, எடை 2. எல்லையில் கோவை பூச்சியமாகிறது. நிலையற்றதுதான்!

இரண்டு புள்ளிகள் மட்டும் ஒன்றினால் கதை இன்னும் அழகு. ப²ம(ம+ப) என்பதில் ப-ஐ அளவுருவால் பெருக்கி, ம-ஐ அதே அளவுருவால் வகுத்து, அளவுருவைப் பூச்சியத்துக்குக் கொண்டுசென்றால் எஞ்சுவது ப²ம². சுற்றுப்பாதைகள் (குலம் ஒரு கோவையைக் கொண்டுசெல்லும் கோவைகளின் தொகுதிகள்) வெவ்வேறு, ஆனால் ஒன்றின் அடைப்பில், அதாவது எல்லைப் புள்ளிகளும் சேர்ந்த தொகுதியில், மற்றது இருப்பதால் ஈவு வெளியில் (குலத்தால் வகுத்துக் கிடைக்கும் வெளி) இரண்டும் ஒரே புள்ளி. காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரியின் பெயரைத் தாங்கும் எஸ்-சமானம், வெக்டர் கற்றைகளில் (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை இணைக்கும் அமைப்புகள்) இதே ஒட்டுதலைத்தான் சொல்கிறது. இதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அந்த வரையறை எனக்கு உண்மையில் புரிந்தது.

அடுத்து முப்படி வளைவரைகளுக்கு இதையே செய்யப்போகிறேன்.