வாண்டுகளோடு கடலுக்கு: எங்கள் குடும்பக் குழுவில்

கோவை அக்கா: மே மாத லீவுக்கு ராமேஸ்வரத்தில் ரூம் பார்த்துவிட்டேன். முதல் நாள் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. அடுத்த நாள் கலாம் நினைவிடம், வில்லூண்டி தீர்த்தம், பாம்பன் பாலம். எல்லோருக்கும் சரியா?

தம்பி: இது சுற்றுலாவா, தேர்தல் பிரசாரமா?

நான்: அக்கா, சின்னவனுக்கு இரண்டு வயது. மதியம் தூங்காவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவான். பாப்பாவுக்கு மணலும் ஒரு வாளியும் போதும், வேறு எதையும் கேட்கமாட்டாள். கடலில் இறங்கி விளையாட எங்கே விடுவது? அதை முதலில் சொல்லுங்கள்.

கோவை அக்கா: தனுஷ்கோடியில்தான். இரண்டு பக்கமும் கடல், போட்டோ அருமையாக வரும்.

ராம்நாட்டு மாமா: அங்கே பிள்ளைகளைத் தண்ணீரில் விடவே கூடாதும்மா. அரிச்சல்முனையில் நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துவிடும். குளிக்கத் தடை என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

ராம்நாட்டு மாமா: மே மாதத்தில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடக்கும். தெற்கை ஆண் கடல், வடக்கைப் பெண் கடல் என்பார்கள் எங்கள் பக்கம்.

கோவை அக்கா: பெண் கடல் சாது என்று யார் சொன்னது மாமா? 😀

ராம்நாட்டு மாமா: ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார். வாடைக் காற்றில் அதுதான் பொங்கும். மே மாதம் என்பதால்தான் வடக்கே போகச் சொல்கிறேன்.

தம்பி: வடக்கே எந்த இடம்?

ராம்நாட்டு மாமா: அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், மண்டபத்துக்கு முன்னாலேயே இடது பக்கம் பிரிய வேண்டும். கரையெல்லாம் சவுக்குத் தோப்பு, நிழல் கிடைக்கும். கொஞ்ச தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்தான். அதற்காகச் சின்னவனைத் தனியே விடாதீர்கள், அவனுக்கு முழங்கால் தண்ணீரே ஆபத்து.

நான்: இது போதும் மாமா. காலையில் ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்பினால் வெயிலுக்கும் தப்பிக்கலாம். மறுபடி நாலரைக்கு மேல்.

பெரியம்மா: அப்படியென்றால் தீர்த்தம்? 22 தீர்த்தமும் ஆடாமல் திரும்பக் கூடாது. குழந்தைகள் தலையிலும் நாலு சொட்டு விழட்டும்.

நான்: பெரியம்மா, நாலு சொட்டா அது? கிணற்றுக்குக் கிணறு வாளியோடு ஊற்றுவார்கள். தரையெல்லாம் ஈரம், கூட்டம் வேறு. நீங்களும் அத்தானும் ஆடிவிட்டு வாருங்கள். நாங்கள் குழந்தைகளோடு தரிசனம் மட்டும் பார்க்கிறோம்.

பெரியம்மா: சரி, சரி. கோயிலுக்கு எதிரே கடலில், அக்னி தீர்த்தத்தில் பாதத்தையாவது நனைத்துவிடு.

தம்பி: கையில் மாட்டும் காற்றுப் பலூன் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். இனிமேல் பயமில்லை.

கோவை அக்கா: அது விளையாட்டுச் சாமான். கழன்றாலும் கழலும், காற்றும் இறங்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஆள் நிற்க வேண்டும். மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமில்லாமலே போய்விடும்.

நான்: ஆமாம். பத்துப் பேர் கரையில் உட்கார்ந்து எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால், ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அரை மணி நேரத்துக்கு ஒரு ஆள். அந்த ஆள் போனைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

தம்பி: அப்போ ரீல்ஸ்?

கோவை அக்கா: உன் முறை முடிந்ததும் எடு.

நான்: இருவருக்கும் ஆரஞ்சு நிறத்தில் முழுக்கைச் சட்டை வாங்கியிருக்கிறேன். நீலத்தில் அழகாகத்தான் இருந்தது, ஆனால் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. டயப்பருக்கு என்ன செய்வது? சாதாரணமானது கடல் தண்ணீரைக் குடித்துப் பானை மாதிரி தொங்கும்.

கோவை அக்கா: நீச்சல் டயப்பர் தனியாக வருகிறது, அனுப்புகிறேன். கேனில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள். உப்பும் மணலும் தொடை இடுக்கில் ராவினால் ராத்திரி முழுக்க அழுவான்.

ராம்நாட்டு மாமா: சில நாளில் சொறி, அதுதான் ஜெல்லி மீன், கரையில் ஒதுங்கிக் கிடக்கும். செத்துக் கிடந்தாலும் கொட்டும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரிலேயே கழுவி, தாங்குகிற சூட்டில் வெந்நீரில் வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

கோவை அக்கா: தனுஷ்கோடியை அடியோடு விட்டுவிடவா?

ராம்நாட்டு மாமா: ஏன் விட வேண்டும்? வெயில் தாழக் காரிலேயே போய், இடிந்த மாதா கோயிலையும் ரயில் ஸ்டேஷனையும் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்புங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ரயிலையே கடல் கொண்டுபோன ஊர் அது. காற்றில் மணல் முகத்தில் அடிக்கும், சின்னவனுக்குத் துண்டு போர்த்துங்கள்.

தம்பி: பாப்பாவுக்குப் பாலம்தான் பிடிக்கும். 2025 ஏப்ரலில் திறந்தார்களே, புதுப் பாம்பன் பாலம். நடுவில் 72.5 மீட்டர் துண்டு லிப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். மதுரையிலிருந்து ரயிலிலேயே வந்தால் அதன் மேலேயே போகலாம்.

நான்: ரயிலென்றால் சரி. கலாம் நினைவிடமும் வில்லூண்டியும் அடுத்த முறை, அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோவை அக்கா: கோபமெல்லாம் இல்லை. ரூமை மட்டும் மண்டபம் பக்கம் மாற்றப் பார்க்கிறேன்.

ராம்நாட்டு மாமா: நுங்கும் பதநீரும் நான் கொண்டுவருகிறேன். விசைப்படகுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம், ஆனால் நாட்டுப்படகு மீன் வரும். எத்தனை பேருக்கு வாங்கட்டும்? உங்கள் பெரியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மீன் ஆகாது, தெரியும்.

பெரியம்மா: தீர்த்தம் ஆடும் அன்றைக்கும் ஆகாது. அது எந்தக் கிழமை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே?

தம்பி: பெரியம்மா, மீன் வராத கிழமையாகப் பார்த்துச் சொல்கிறேன் 🙏