முகூர்த்தத்துக்கு 28-75 ஜூமா, 35-ம் 85-ம் பிரைமா?

கும்பகோணத்தான்: தை மாதம் முதல் முறையாகத் தனியாக ஒரு ஐயர் வீட்டுக் கல்யாணத்தைப் படம் எடுக்கப் போகிறேன். கையில் சோனி ஏ7 த்ரீ கேமரா ஒன்று, அதோடு வந்த பழைய கிட் லென்ஸ் ஒன்று. சிறிய மண்டபம், அதிகாலை முகூர்த்தம். 28 மி.மீ. முதல் 75 மி.மீ. வரை மாற்றக்கூடிய டேம்ரான் 28-75 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வாங்கலாமா, இல்லை 35, 85 என்று இரண்டு எஃப் 1.8 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வாங்கலாமா? எல்லாம் வாங்கப் பணம் இல்லை.

பிரைம் பித்தன்: யோசிக்கவே வேண்டாம், பிரைம்தான். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்; 2.8-ஐவிட 1.8-ல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூமில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 6400 கேட்கிற இடத்தில் பிரைமில் 2500-லேயே முடிந்துவிடும். கூறைப்புடவை ஜரிகை எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று அப்புறம் பாருங்கள்.

மண்டபத்து மணி: பித்தன் சார், கணக்கு சரி. ஆனால் தாலி கட்டும்போது அந்த 1.8 எதற்கும் உதவாது. 3 மீட்டரில் நின்று 85-ஐ 1.8-ல் திறந்தால், கூர்மையாக விழுவது சுமார் 13 செ.மீ. ஆழம்தான். அப்பா மடியில் பெண், முன்னால் மாப்பிள்ளை, பின்னால் மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார். எல்லாரும் அதற்குள் அடங்குவார்களா? ஆழம் கூட, லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்காவது போய்த்தான் ஆக வேண்டும். அங்கே உங்கள் பிரைமுக்கும் என் ஜூமுக்கும் வித்தியாசமே இல்லை. அதோடு, கெட்டிமேளம் கொட்டியதும் ஒரு பக்கம் வீடியோக்காரர், மறுபக்கம் செல்போனோடு சித்தப்பாக்கள். கால் நகர்த்த இடம் இருக்காது. 35-ஐக் கழற்றி 85-ஐ மாட்டுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். ஹோமப் புகைக்கு நடுவே சென்சாரைத் திறந்து வைக்க எனக்குத் தைரியம் கிடையாது.

பிரைம் பித்தன்: யார் மாற்றச் சொன்னது? முகூர்த்தம் முழுக்க 35-தான். மணவறை ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவேன், வாத்தியார் நகரச் சொன்னால் நகர்வேன். வீடியோக்காரர் பிடிக்கிற விளக்கை நம்பித்தானே எஃப் 4 என்கிறீர்கள்? விடிவதற்கு முன் வாசலில் காசி யாத்திரை நடக்கும்போது அந்த விளக்கு வருமா?

மண்டபத்து மணி: வராது. ஃபிளாஷைச் சுவர்ப் பக்கம் திருப்பி அடித்தால் போதும்.

பிரைம் பித்தன்: வாசலில் ஏது சார் சுவர்?

லைட்பாய்: இரண்டு பேரும் லென்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பியிடம் இருப்பது ஒரே பாடி, அதாவது ஒரே கேமரா. அது பாதியில் நின்றுவிட்டால்? ஜூமை வாங்குங்கள் தம்பி, அன்றைக்கு இன்னொரு பாடியும் ஒரு பிரைமும் வாடகைக்கு எடுங்கள். ஏ7 த்ரீயில் இரண்டு கார்டு போடலாம், இரண்டிலும் படம் பதிகிற மாதிரி வையுங்கள். குடும்பப் படத்தை 28-ல் எடுத்துவிடாதீர்கள், ஓரத்தில் நிற்கும் அத்தை இரண்டு மடங்கு ஆகிவிடுவார். மேடையைவிட்டு இறங்கி 50-ல், எஃப் 5.6.

கும்பகோணத்தான்: சரி அண்ணா. வாடகைக்கு 85 எடுக்கட்டுமா?

மண்டபத்து மணி: 85-தான். ரிசப்ஷனில் தனிப் படங்களுக்கு ஆகும்.

பிரைம் பித்தன்: அதற்கு ஜூமில் 75 இருக்கிறதே! 35 எடுங்கள். விடியாத வாசலில் உங்கள் ஜூம் திணறும்போது தெரியும்.